என் பெயரில் ஒரு ஈ

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் தம்பி பெண்டாட்டியும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் சுகமா இல்லையா என்று இரண்டு நாளாக எனக்கே புரியவில்லை. அங்கே எல்லாரும் நன்றாக இருப்பீர்கள் என்று நம்பி விஷயத்துக்கு வருகிறேன்.

உன் மகள் பூச்சி ஆராய்ச்சிக்காரி ஆயிற்றே, போன வருடம் எனக்கு ஒரு வேலை வைத்தாள். நான் முப்பது வருடம் டைம் கீப்பராக இருந்த பஸ் டிப்போவுக்குப் பின்னால் ஊதாப் பூ பூக்கிற முள்செடி இருக்கிறதாம், அதன் காய்ந்த பூக்களைப் பறித்து டப்பாவில் போட்டு மெல்லிய துணியால் வாய் கட்ட வேண்டுமாம், பூவுக்குள் விதையைத் தின்று வளர்கிற புழு ஈயாகி வெளியே வருமாம். போனேன். முதல் பூவிலேயே கட்டைவிரலில் முள் ஏறிவிட்டது. உன்னிடம் மறைப்பானேன், பக்கத்தில் முள்ளே இல்லாத ஒரு மஞ்சள் பூச்செடி சாதுவாக நின்றது, காய்ந்தபின் ஊதா என்ன மஞ்சள் என்ன என்று அதையே டப்பா நிறையப் பறித்துக்கொண்டு வந்துவிட்டேன். பத்தாம் நாள் உள்ளே ஈக்கள். எள்ளளவுதான் இருக்கும், இறக்கையில் மை தெளித்தாற்போல் புள்ளிகள். சத்தம் போடாமல் அனுப்பி வைத்தேன்.

போன மாதம் போனில் கத்துகிறாள், "மாமா, இந்த ஈ எந்தப் புத்தகத்துலயும் இல்ல!" குட்டு உடைந்தது என்று போனை வைத்துவிடப் பார்த்தேன். அவளோ, "புது இனம் மாமா! உங்க பேரையே வைக்கப் போறேன்" என்கிறாள்.

சந்தோஷப்படுவதா, கோபப்படுவதா? ஈக்கு வைக்கிற பெயரா அக்கா என் பெயர்? புது இனம் என்றால் அதன் அங்க அடையாளம் முழுவதையும் எழுதி அச்சிட வேண்டுமாம். அதன் நகல், எங்களுக்காகத் தமிழில் எழுதியது, முந்தாநாள் தபாலில் வந்தது. மாடி வீட்டுத் தையல்காரர் இருக்கும்போதே என் பெண்டாட்டி இவள் சத்தமாகப் படித்தாள். உருவம் சிறியது. நிறம் மங்கல் மஞ்சள். தலை அகலம், உச்சியில் மயிர் குறைவு. வயிறு உருண்டை. பெரும்பாலும் ஒரே இடத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்கும்.

"இறக்கை ஒண்ணுதான் இடிக்குது. மத்தபடி அப்படியே நீங்கதான்" என்றாள் இவள். தையல்காரர் நகலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "செத்தவங்க பேரைத்தானே சார் வைப்பாங்க?" என்று கேட்டார். கடைசி வரியில் என் 'கூர்ந்த பார்வைக்கு' நன்றி வேறு சொல்லியிருக்கிறாள். முள்ளுக்குப் பயந்தவனுக்குக் கூர்ந்த பார்வையாம்! வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. நீ பெற்றவள், நீ சொன்னால் கேட்பாள். எப்படியாவது இந்தப் பெயரை நிறுத்திவிடு.

குழந்தைகளுக்கு என் ஆசிகள். முட்டி வலிக்குத் தைலம் தேய்த்துக்கொள்.

உன் குழம்பிய தம்பி

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது உன் மகளே போன் செய்தாள். "உங்களுக்கு இஷ்டம் இல்லன்னு அத்தை சொன்னாங்க மாமா. பரவால்ல, என் மாமனார் பேரை வச்சிடறேன்." அத்தை என்றது இவளைத்தான், முன்பே போட்டுக்கொடுத்திருக்கிறாள். உன் சம்பந்தி அந்த டிப்போ பக்கம் ஒரு நாளாவது வந்திருப்பாரா? மஞ்சள் பூ விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். "அது அன்னிக்கே தெரியும். நீங்க முள்ளுக்குப் பயப்படலைன்னா இந்த ஈயே கிடைச்சிருக்காது" என்று சிரிக்கிறாள். ஈ ஒன்றை ஊசியில் குத்தி, பெயரெழுதி, நூறு வருடம் ஆனாலும் அருங்காட்சியகப் பெட்டியில் பத்திரமாக வைப்பார்களாம். போனை வைத்த பிறகு இவள் என்னிடம், "நமக்கப்புறம் உங்க பேர் சொல்ல யாரு இருக்கா?" என்று மட்டும் கேட்டாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை என்று நாங்கள் வாய்விட்டுப் பேசி எத்தனையோ வருடமாயிற்று அக்கா. எனக்கு அழுகை வந்துவிட்டது. மேலே எழுதியது எதையும் படிக்காதே. வெள்ளிக்கிழமைக்குள் அவளிடம் சொல், ஈ என்னுடையது. உச்சியில் மயிர் குறைவு என்பதை மட்டும் முடிந்தால் எடுக்கச் சொல். முடியாவிட்டால் அதுவும் இருக்கட்டும்.