சுவர்த் தலையில் ஒரு தகடு

சொட்டென்று சத்தம் கேட்டதும் தேவபிரசாதம் கணக்கு நோட்டைப் போட்டுவிட்டு எழுந்து ஓடினார். உப்புக் கிட்டங்கியின் கணக்கப்பிள்ளை அவர். கல்கத்தா கப்பலுக்குப் போக வேண்டிய மூட்டைகள் உத்தரம் வரை அடுக்கியிருந்தன. "ஒரு மூட்டை கரைஞ்சாலும் நீரு வீட்டுக்குப் போயிரலாம்வே" என்று முதலாளி அடித்துச் சொல்லியிருந்தார்.

அந்தக் கிட்டங்கிக்கும் பக்கத்து நயினார் கிட்டங்கிக்கும் நடுவே ஒரே சுவர். இரண்டு தகரக் கூரைகளும் அந்தச் சுவர்மேல்தான் வந்து இறங்கும். ஆனால் இடுக்கு வழியே வடிகிற தண்ணீர் மட்டும், என்ன வன்மமோ, இந்தப் பக்கம்தான் வரும். நயினார் பக்கம் காய்ந்து கிடப்பதைப் பார்க்கப் பார்க்க இவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கொத்தனார் வந்து சுண்ணாம்பு பூசினார். வெயிலில் தகரம் விரிந்ததும் பூச்சு பாளம் பாளமாக வெடித்தது. ஒரு இடத்து ஒழுகல் மூன்று இடமாயிற்று.

அடுத்து, தோணிப் பலகை இடுக்குகளை அடைக்கிற இனிகோ வந்தான். "கடலையே நிப்பாட்டுதோம், இந்த மழை எம்மாத்திரம் அண்ணாச்சி?" என்று பஞ்சைத் திணித்துச் சுறா எண்ணெயை ஊற்றினான். அந்த வாடைக்கு ஊர்க் காக்கை அத்தனையும் கூடிவிட்டன. பஞ்சை மட்டும் கொத்தியிருந்தால் பரவாயில்லை. துருவேறிய தகர ஓரத்தையும் உதிர்த்துவிட்டுப் போயின. அப்புறம் ஒழுகவில்லை, கொட்டியது.

"எந்த நேரத்துல இந்த வேலைக்கு வந்தேனோ" என்று தலையில் அடித்துக்கொண்டு முதலாளிக்கு ஆள் மேல் ஆள் அனுப்பினார். பதிலே வரவில்லை.

கடைசியில் தகர வேலைக்காரர் சொரிமுத்துவிடம் ஓடினார். யுத்த காலம், புதுத் தகரத்துக்கு எங்கே போவது? காலையெல்லாம் பஜாரில் அலைந்து மண்ணெண்ணெய் டின்களைச் சேர்த்து, வெட்டி, தகடாக வளைத்து வருவதற்குள் வானம் கறுத்துவிட்டது. கிட்டங்கிக்குள் எட்டிக்கூடப் பார்க்காமல் இருவரும் நேரே ஏணியில் ஏறினார்கள்.

சொரிமுத்து தகட்டின் ஒரு விளிம்பைத் தகரத்துக்கு அடியில் செருகி, சுவர்த் தலைமேல் மடக்கினார். "இப்பிடி அடிச்சா தண்ணி பூரா நயினார் பக்கம்லா போவும்?"

"போவட்டும்வே. இத்தனை நாளு நான் பட்டேன், இனி அவங்க படட்டும்."

ஆணி அடித்து முடிக்கவும் மழை பிடிக்கவும் சரியாக இருந்தது. தண்ணீர் தகட்டில் வழுக்கி மடமடவென்று அந்தப் பக்கம் இறங்கியது. தேவபிரசாதத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தொப்பலாக நனைந்தபடியே, கீழே நின்ற சுமைகூலி முத்துக்கனியைக் கூப்பிட்டார்.

"ஏலே, உள்ள போய்ப் பாரு. நம்ம பக்கம் ஒரு சொட்டாவது விழுதா?"

முத்துக்கனி உள்ளே போய்விட்டு நிதானமாக வந்தான்.

"ஒரு சொட்டு இல்ல அண்ணாச்சி. நல்லவேளை மூட்டையும் இல்ல. ஒழுகுது ஒழுகுதுன்னு நீங்க சொல்லிவிட்டதுல, முதலாளி காலையிலயே வந்து எல்லாத்தையும் நயினார் கிட்டங்கிக்கு மாத்திட்டாவ."