அதிரசப் பாகில் ஒட்டிய டெலிபோன்

கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத ஜென்மம் நான். கல்யாணமாகி ஐந்து வருடம் கழித்து இதை ஒப்புக்கொள்வதில் வெட்கம் ஒன்றுமில்லை. ஒப்புக்கொள்ளாவிட்டாலும் எங்கள் அரியூர் நாட்டில் (எங்கள் மலையில் பல ஊர் சேர்ந்தது ஒரு நாடு) பாதிப் பேருக்குத் தெரியும்.

அப்போது நாமக்கல்லில் ஓர் ஆபீஸில் வேலை பார்த்தேன். அதே ஆபீஸில் குண்டனி நாட்டுச் செந்திலும் இருந்தார். கட்டிக்கொள்வதென்று நாங்கள் முடிவு செய்துவிட்டோம். எங்கள் வீட்டிலும் சரி என்றுவிட்டார்கள். பாக்கி அவருடைய அப்பா ஒருவர்தான். "அந்தப் புள்ளையோட அண்ணன் கண்ணாலத்துக்கு வாரேன். புள்ளையப் பாத்துட்டுச் சொல்றேன்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

பார்க்க வருகிறவர் அசந்துபோக வேண்டாமா? பந்தலில் போட்டோ எடுக்கும் இடத்துக்குப் பழங்காலக் கறுப்பு டெலிபோன் ஒன்றை அட்டையில் செய்து வைப்பதென்று தீர்மானித்தேன். (சும்மா ஒரு பட்டுப்புடவை கட்டிக்கொண்டு நின்றிருக்கலாம். விதி.)

மிக்ஸி வந்த பெட்டியை வெட்டினேன். சுழற்றும் வட்டில் பத்து ஓட்டை. காதில் வைக்கிற பாகம் உள்ளே கூடாக இருந்தது. நிஜம்போலத் தெரியட்டும் என்று அதன் முனையில் கோணி ஊசியால் பொடித்துளைகள் போட்டேன். ஒட்டுவதற்கு எங்கள் தோட்டத்துக் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி மாவில் பசை காய்ச்சினேன். மலையில் மூன்று நாளாக ஒரே பனிமூட்டம். பசை காய்வேனா என்றது. பக்கத்து அடுப்பில் கல்யாண அதிரசத்துக்குப் பாகு கொதித்துக்கொண்டிருந்தது. இரண்டு கரண்டி மொண்டு பசையில் ஊற்றினேன்.

"ஏஞ்சாமி, பாகு ஊத்துனா எறும்பு வராதா?" என்றாள் அம்மா.

"அம்மா, நான் இன்ஜினியரிங் படிச்சவ."

அம்மா பாகுக் கரண்டியை என் கையிலேயே விட்டுவிட்டுப் போனாள். படிப்புக்கு எங்கள் வீட்டில் அவ்வளவு மரியாதை.

கல்யாணத்தன்று வருங்கால மாமனார் வெள்ளைச் சட்டையில் வந்தார். டெலிபோனைப் பார்த்ததும் நின்றுவிட்டார். "ஆரு செஞ்சது?" என்றார். நான்தான் என்று செந்தில் சொன்னதும் மனிதர் முகத்தில் ஒரு சிரிப்பு. எனக்குப் பாதி தாலி ஏறியது போலிருந்தது.

போட்டோக்காரர் விடவில்லை. "பேசற மாதிரி வைங்க ஐயா."

மாமா காதோடு அழுத்தி வைத்துக்கொண்டார். "ஹலோ, ஆருங்க?"

கூட்டம் சிரித்தது.

"ஏனுங்க, உள்ளுக்குள்ள என்னமோ குறுகுறுங்குதே!"

கூட்டம் கைதட்டியது. நான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்து, "லைன்ல யாருங்க மாமா?" என்று கேட்டேன். இப்போது நினைத்தாலும் என்னை நானே அறைய வேண்டும்போல் இருக்கிறது.

அடுத்த நொடி மாமா போனை வீசிவிட்டு ஒற்றைக்காலில் குதித்தார். அதையும் நடிப்பென்று நினைத்து நாதஸ்வரக்காரர் வாசிப்பை வேகப்படுத்தினார். விழுந்த போன் உடைந்ததில்தான் விஷயம் தெரிந்தது. உள்ளே ஒரு செவ்வெறும்புக் குடித்தனம்.

காதில் பூச்சி போனால் எண்ணெய் விட வேண்டும் என்பது எனக்குத் தெரியும். சொட்டுச் சொட்டாக விட வேண்டும் என்பதுதான் அந்த நேரத்தில் மறந்துபோனது. குத்துவிளக்குக்குப் பக்கத்தில் இருந்த நல்லெண்ணெய்ச் சொம்பை எடுத்தேன், அவர் தலையைப் பிடித்துச் சாய்த்தேன், கவிழ்த்தேன். வெள்ளைச் சட்டையில் தொடங்கி வேட்டி வரைக்கும் வழிந்தது.

அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பந்தியில் உட்காரச் சொல்லி என் அப்பா கையைப் பிடித்து இழுத்தும், தலையை மட்டும் ஆட்டிவிட்டு வேனில் ஏறிப் போய்விட்டார். எங்கள் பக்கம் கல்யாண வீட்டில் கை நனைக்காமல் போனால் சம்பந்தம் வேண்டாம் என்று அர்த்தம். "சொந்தக் காசுல சூனியம் வெச்சுக்கிட்டியே கண்ணு" என்று அம்மா மூக்கைச் சிந்தினாள். அண்ணனின் கல்யாண நாளில் நான் மாட்டுக்கொட்டகையில் உட்கார்ந்து அழுதேன்.

இரண்டு நாள் செந்திலிடமிருந்து தகவலே இல்லை. மூன்றாம் நாள் போன் வந்தது.

"அப்பாவை நாமக்கல்லுல டாக்டர்கிட்டக் கூட்டிப்போனேன். வாயைத் தொறந்தாலே காது வலிச்சிருக்கு, அதான் அன்னிக்குச் சாப்பிடலையாம். எறும்பு எண்ணெயில செத்துக் கெடந்துச்சு. உசுரோட இருந்திருந்தா சவ்வைக் கடிச்சிருக்கும்னாரு. ஆரு எண்ணெய ஊத்துனதுன்னு அப்பாவக் கேட்டாரு."

"அதுக்கு?" என்றேன்.

"'எம் மருமவதாங்க'ன்னு சொல்லிட்டாரு."

எறும்பைக் குடிவைத்ததும் அதே மருமகள்தான் என்பதை டாக்டரிடம் சொல்லவில்லையாம். அதை மட்டும் ஊரில் ஒருவர் விடாமல் சொல்லிவிட்டார்.

இப்போது அவரிடம் நல்ல செல்போன் இருக்கிறது. நான் எப்போது கூப்பிட்டாலும், எடுத்தவுடன் எனக்கு முதலில் கேட்பது குரல் அல்ல. டொக், டொக் என்று போனைச் சுவரில் இரண்டு தட்டுத் தட்டி உதறும் சத்தம். அதற்குப் பிறகுதான், "ம், இப்பச் சொல்லு கண்ணு."