டன்னுக்கு நாலு கிராம்

புதுச்சேரியில் தங்கச் சுரங்கம் கிடையாது. அதை யாரும் ஒரு குறையாக நினைத்ததில்லை, கனிமத் திறன் வளர்ப்பு அலுவலகம் என்று ஒன்று வந்து சேரும் வரை. தங்கம் கிடைக்கும் ஊர்களில் தாதுவைப் பதப்படுத்தத் தெரிந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்க, புதுச்சேரியில் ஒருவர்கூட இல்லை என்று அந்த அலுவலகம் கணக்கெடுத்துக் கண்டுபிடித்தது. நூறு சதவீதப் பற்றாக்குறை! இதைக் கண்டும் காணாமல் இருந்தால் அப்புறம் அரசாங்கம் எதற்கு? சேதராப்பட்டில் ஒரு ஷெட்டைப் பிடித்து, 'தங்கத் தாது பதப்படுத்துநர் பயிற்சி' தொடங்கிவிட்டார்கள்.

ஆள்தான் சேரவில்லை. அதற்கும் ஓர் ஆணை பிறந்தது: 'இந்நகர எல்லைக்குள் தங்கம் கலந்த எந்த மண்ணையும் சான்றிதழ் இல்லாதோர் அள்ளுதல் கூடாது.'

இந்த ஆணை ஊரில் ஒரே ஒருத்தியைத்தான் பாதித்தது. அவள் கொளஞ்சி. நகைப் பட்டறைத் தெருவில் வாசல் மண்ணைக் கூட்டி, சாக்கடை வண்டலை அள்ளி, தட்டில் போட்டு அரித்து, பட்டறைகளிலிருந்து சிந்திய பொன் துகளைப் பிரித்தெடுப்பாள். இருபது வருஷத் தொழில். மகள் சிந்துஜாவின் நர்சிங் படிப்பு அதில்தான் ஓடுகிறது. தட்டை நாலு சுற்றுச் சுற்றினால் போதும், தங்கம் உண்டா இல்லையா என்று சொல்லிவிடுவாள். ஆக, பற்றாக்குறை உண்மையில் நூறு சதவீதம் இல்லை. கணக்கெடுக்க வந்தவர்கள் சாக்கடைப் பக்கம் குனிந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

சான்றிதழ் இல்லாவிட்டால் தட்டைப் பறிமுதல் செய்வோம் என்றார்கள். கொளஞ்சி சேதராப்பட்டுக்குப் பஸ் ஏறினாள். ஷெட்டில் ஏற்கெனவே இருபத்தொன்பது பேர், ஆணைக்குப் பிறகு அறிவித்த மதியச் சாப்பாட்டுக்கும் இலவச மஞ்சள் ஹெல்மெட்டுக்குமாக வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

பயிற்றுநர் இளஞ்செழியன் நல்ல மனுஷன். தங்கத் தாதுவைப் படத்தில் பார்த்திருக்கிறார். மூன்று மாதம் திரையில் பாறையை உடைத்தார், திரையில் அரைத்தார், திரையிலேயே கழுவினார். செய்முறைத் தேர்வுக்குத் தாது வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதினார். 'உள்ளூர்த் தாதுவையே பயன்படுத்திக்கொள்ளவும்' என்று பதில் வந்தது. மறுநாள் பீச் ரோட்டில் வாக்கிங் போனவர், அலையைத் தடுக்கக் கொட்டியிருந்த கருங்கல்லில் ஒரு கோணி நிறையப் பொறுக்கி வந்துவிட்டார். உள்ளூர்க் கல்தானே.

ஒவ்வொருவரையாகத் தனி அறைக்குள் கூப்பிட்டார்கள். கடைசியாகப் போன கொளஞ்சி கல்லை இடித்தாள், பொடித்தாள், தண்ணீர் விட்டுச் சுற்றினாள்.

"சார், இதுல ஒண்ணும் இல்ல."

"நல்லாப் பாரும்மா."

"பாத்துட்டேன் சார். இது பீச் கல்லு. வேணும்னா அம்மி செதுக்கிக்கலாம்."

"மேலிடத்துலேர்ந்து வந்த விடைக் குறிப்புல டன்னுக்கு நாலு கிராம்னு போட்டிருக்கே!"

"அத எழுதினவரு இந்தக் கல்லப் பாத்தாரா?"

"அவரு டெல்லியில இருக்காரும்மா. நீ இல்லன்னு எழுதினா ஃபெயிலு. மத்த இருபத்தொம்போது பேரும் கரெக்டா நாலு கிராம் எடுத்துட்டாங்க. ஒண்ணும் தெரியாதவங்களுக்கே கெடைக்குது, உனக்குக் கெடைக்கலன்னா எப்படி?"

கொளஞ்சிக்கு அவமானமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் அவள் கையை யாரும் சந்தேகப்பட்டதில்லை. ஆனால் சிந்துஜாவுக்கு இன்னும் ஒன்றரை வருஷப் படிப்பு பாக்கி. பேனாவை வாங்கி 'நாலு கிராம்' என்று எழுதினாள்.

சான்றிதழ் வந்தது. அறிக்கையும் மேலே போனது: 'தகுதிபெற்ற முப்பது வல்லுநர்கள் தனித்தனியே சோதித்ததில், கடற்கரைக் கல்லில் டன்னுக்கு நாலு கிராம் தங்கம் ஒருமனதாக உறுதிசெய்யப்பட்டது.' பேப்பரில் படித்த ஊர்ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது. சிரித்தவர்களில் பாதிப் பேர் ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பீச் ரோட்டில் சுத்தியலோடு நின்றார்கள். ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் ஒருவர் கையில் உளியை வைத்துக்கொண்டு, சும்மா வாக்கிங் வந்ததாகச் சொன்னார்.

பட்டறைத் தெருவுக்குப் போகும் வழியில் கொளஞ்சி பார்த்தாள். கூட்டத்தில் இளஞ்செழியனும் இருந்தார்.

"என்னா சார் நீங்களுமா? நீங்க பொறுக்கின கல்லுதானே அது!"

"நான் பொறுக்கறப்ப வெறும் கல்லும்மா. இப்ப ரிப்போர்ட்டு வந்துடுச்சில்ல? முப்பது பேரு சொல்லியிருக்காங்க, பெரிய ஆபீசரு கையெழுத்து இருக்கு."

கொளஞ்சி சிரித்துக்கொண்டே போய் வேலையைத் தொடங்கினாள். சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டியிருந்ததால் யாரும் தடுக்கவில்லை. வண்டலும் அன்று நல்ல வண்டல். ஆனாலும் வேலையில் மனசு ஒட்டவில்லை. தான் எழுதியது பொய் என்று அவளுக்குத் தெரியும். மற்ற இருபத்தொன்பது பேர் எழுதியதும் பொய்தான் என்று எப்படிச் சொல்வது?

மத்தியானம் தட்டைத் தூக்கிக்கொண்டு பீச் ரோட்டுக்கு நடந்தாள். வரிசையில் முந்நூற்றுப் பன்னிரண்டாவது இடம் கிடைத்தது.