ஒரு பாக்கெட் ஆப்பசோடா

நாலு பேருக்கு ருசியாக வந்த குழம்பை நாற்பது பேருக்கு வைத்தால் காலை வாரிவிடும் என்பது சமைக்கிறவர்களுக்குத் தெரியும். அறிவியல் சோதனையும் அப்படித்தான் என்று எனக்குப் புரிந்தபோது, காரைக்குடியில் ஒரு பள்ளியின் தாளாளர் என் எதிரே தொப்பலாக நனைந்து நின்றார்.

அப்போது வேதியியலும் பி.எட்.டும் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தேன். இரண்டு பள்ளிகளில் மாதிரி வகுப்பு எடுத்தேன். இரண்டிலும் "சொல்லி அனுப்புறோம்" என்றார்கள். (இன்றுவரை அனுப்பவில்லை.) மூன்றாவதும் கைவிட்டுப்போனால் அண்ணனின் செல்போன் கடையில் உட்கார வேண்டியதுதான் என்று அத்தா சொல்லிவிட்டார்.

மூன்றாவதான காரைக்குடிப் பள்ளியில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாயுக்களைப் பற்றி நடத்த வேண்டும். முந்தின நாள் வீட்டில் ஒத்திகை பார்த்தேன். சின்ன பாட்டிலில் கொஞ்சம் வினிகர், பலூனுக்குள் ஒரு ஸ்பூன் ஆப்பசோடா. பலூனை பாட்டில் வாயில் மாட்டி நிமிர்த்தினால் சோடா உள்ளே கொட்டும்; அதில் உண்டாகும் வாயு பலூனை உப்ப வைக்கும். அழகாக உப்பியது.

"அடியே நசீமா, ஊதாமலே பெருக்குதே" என்றார் மதினி.

பாராட்டு தலைக்கேறிவிட்டது. கடைசி வரிசைப் பிள்ளைக்கும் தெரியட்டும் என்று, மறுநாள் இரண்டு லிட்டர் பாட்டிலில் முக்கால்வாசி வினிகரும், பெரிய பலூனில் ஒரு முழு பாக்கெட் சோடாவுமாகப் போய் இறங்கினேன்.

தாளாளர் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில், முன் பெஞ்சில் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தார். நான் ஆரம்பித்தேன்.

"வாயுன்னா என்ன, யாருக்காவது தெரியுமா?"

வள்ளியம்மை என்ற சிறுமி எழுந்தாள். "எங்க தாத்தாவுக்கு இருக்கு டீச்சர். மொச்சக்கொட்டை தின்னா வரும்."

வகுப்பே சிரித்தது. தாளாளர் மட்டும் சிரிக்கவில்லை. பேச்சை மாற்றும் அவசரத்தில், "சோடாவும் வினிகரும் சேந்தா இதுலயும் வாயு வரும், பாருங்க" என்று பலூனை நிமிர்த்தினேன். பலூன் பூசணிக்காய் அளவுக்குப் பெருத்தது. பெருமையோடு தாளாளரைப் பார்த்துப் புன்னகைத்தேன். அந்த நொடியில் பலூன் நழுவிப் பறந்தது; பின்னாலேயே பொங்கி வந்த நுரை நேராக அவர் மேல் பாய்ந்தது.

அறை முழுக்க ஊறுகாய் வாடை. ஓடிவிடலாம் என்று வாசலைப் பார்த்தேன். அங்கே தலைமையாசிரியை நின்றார். மனசுக்குள் செல்போன் கடையின் கல்லாவில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

தாளாளர் நிதானமாக முகத்தைத் துடைத்துக்கொண்டு வள்ளியம்மையைக் கேட்டார்: "வாயு எங்குட்டு ஆத்தா போச்சு?"

"பாட்டிலுக்குள்ள எடம் பத்தல சார். அதான் நொரையத் தள்ளிக்கிட்டு வெளிய வந்துருச்சு. இப்ப நம்மளச் சுத்தித்தான் இருக்கு. கண்ணுக்குத்தான் தெரியல."

தாளாளர் என் பக்கம் திரும்பினார். "நான் இதை மனப்பாடம் பண்ணித்தான் பாஸானேன். இந்தப் புள்ளைக்குப் புரிஞ்சிருக்கு. திங்கக்கிழமை வந்து சேந்துக்கங்க. பாட்டில் மட்டும் சின்னதாக் கொண்டாங்க."

வீடு வரைக்கும் எப்படி வந்தேன் என்று நினைவில்லை.

இன்றும் அதே பள்ளியில், அதே வகுப்புக்குத்தான் பாடம் எடுக்கிறேன். பிள்ளைகள் தங்கள் கையாலேயே பலூனை மாட்டுகிறார்கள். வாயு வருகிறபோது அவர்கள் கண் விரிவதைப் பார்க்க எனக்கு அலுக்கவே இல்லை. வீட்டில்தான் மரியாதை கிடையாது. மகளின் பிறந்தநாளுக்கு நான் ஒரு சாதா பலூனைக் கையில் எடுத்தால் போதும், மதினி விருந்தாளிகளிடம் பதவிசாகச் சொல்வார்:

"வெள்ளைச் சட்டை போட்டிருக்கவுக கொஞ்சம் அங்குட்டு தள்ளி உக்காருங்க."