ஜல்தி அண்ணனும் அறுபது டக்கும்

ஆரணியில் காலத்தையே முந்திக்கொண்டு ஓடத் தெரிந்த ஒரே ஆள் ஜல்தி அண்ணன்தான். போளூர் பஸ்ஸுக்காக நின்றால், பஸ் வருவதற்குள் பாதி தூரம் நடந்தே போயிருப்பார். அவர் மனைவி சரோஜா அக்கா சொன்னபடி, அவர்கள் கல்யாணத்தில் கெட்டிமேளம் கொட்டியபோது மாப்பிள்ளை மூன்று முடிச்சையும் போட்டுவிட்டுப் பந்தியில் உட்கார்ந்திருந்தாராம்.

பேங்க் வேலையில் ஆரணிக்கு மாற்றலாகி, அவர் வீட்டு மாடி போர்ஷனில் மூன்று வருடம் குடியிருந்தேன். அவருக்குத் தொழில் பாவு பிணைப்பது. பாவு என்றால் தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகள். பழைய பாவு தீரும்போது, புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் பழைய இழையோடு சேர்த்து, சாம்பல் தொட்டு விரலால் முறுக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழை. மற்றவர்கள் நாள் முழுக்கச் செய்வதை அவர் மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடித்துவிடுவார். அந்த விரல்களுக்குத்தான் கிட்டார் வாசிக்கும் ஆசை வந்து தொலைத்தது.

போனில் கிட்டார் சொல்லித்தரும் வீடியோக்களைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டார். அதையும் இரட்டை வேகத்தில் ஓடவிட்டுப் பார்த்தார்.

சரோஜா அக்காவுக்கு நல்ல குரல். ஒரு ஆடித் திருவிழாவில் தெரு மேடையில் இருவரும் சேர்ந்து ஒரு பாட்டு எடுத்தார்கள். அக்கா இரண்டாவது சரணத்தில் இருக்கும்போதே அண்ணன் பாட்டை முடித்து, எழுந்து கும்பிட்டு, கிட்டாரை உறைக்குள் போட்டுவிட்டார். அக்கா மைக்கை வைத்துவிட்டு இறங்கிப் போனார். எட்டு நாள் வீட்டில் சோறு உண்டு, பேச்சு இல்லை. அடுத்த ஆடி நெருங்கும்போது அக்கா கறாராகச் சொல்லிவிட்டார்.

"இந்த தடவையும் முன்னாடி ஓடினீங்கன்னா, இனிமே நான் போன்ல மியூசிக் போட்டுகினு பாடிக்கிறேன். நீங்க கீழ சேர்ல உக்காந்து பாருங்க."

அண்ணன் ஆடிப்போய்விட்டார். எதற்கும் கவலைப்படாத மனிதர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பார்க்கப் பாவமாக இருந்ததால் நான்தான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். மெட்ரோனோம் என்று ஒன்று இருக்கிறது, தாளம் தப்பாமலிருக்க டக் டக்கென்று ஒரே சீராக அடித்துக் கொடுக்கும், போனிலேயே கிடைக்கும் என்று சொல்லி இறக்கியும் கொடுத்தேன். நிமிடத்துக்கு அறுபது டக் என்று வைத்தேன்.

மறுநாளே போனைத் தூக்கிக்கொண்டு செல்போன் கடைக்குப் போய், இது தூங்கித் தூங்கி அடிக்கிறது, ரிப்பேர் என்று சண்டை போட்டிருக்கிறார். என் கைக்கடிகாரத்தை வைத்து எண்ணிக் காட்டினேன். சரியாக அறுபது. அவர் என் கடிகாரத்தை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "பேட்டரிய மாத்துங்க சார்" என்றார்.

பிறகு அவருக்கே ஒரு யோசனை வந்தது. அவசரம் பாவில் பிடித்த பழக்கம், அதனால் பாவிலேயே அதை விட்டுத் தொலைப்பது என்று. சேவூரில் ஒரு தறி வீட்டில் காதில் இயர்போனோடு உட்கார்ந்தார். ஒரு இழைக்கு எட்டு டக். ஒரு டக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பொழுது சாய்ந்தபோது பாதிப் பாவு பாக்கி. பக்கவாதம்தான் வந்துவிட்டது என்று நினைத்துத் தறிக்காரர் ஆட்டோ பிடிக்க ஓடியிருக்கிறார். இருபது வருடமாகச் சம்பாதித்த பேர் ஒரே வாரத்தில் போயிற்று. அண்ணன் அசரவில்லை. ஒரு மாதத்தில் அவர் கிட்டாரும் டக்கும் ஒன்றாகப் போக ஆரம்பித்தன. மாடியில் இருந்த நான் தூக்கத்திலும் அறுபது அடித்துக்கொண்டிருந்தேன்.

திருவிழா வந்தது. மேடையில் அண்ணனுக்கு ஒரு காதில் இயர்போன். முதல் சரணம் பிசகில்லாமல் போனது. இரண்டாவது தொடங்கும்போது சாம்பிராணிப் புகை அக்காவின் தொண்டையில் இறங்கிவிட்டது. இருமல். பாட்டு நின்றுவிட்டது. அண்ணன் காதில் மட்டும் அந்த டக் அடித்துக்கொண்டே இருந்திருக்கும். ஒரு மாதமாக எதற்கும் அதை விடக்கூடாது என்று பழகிய மனிதர். தொலைந்தது என்று நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

அண்ணன் இயர்போனைப் பிடுங்கிப் போட்டார். ஒரே மீட்டலைத் திரும்பத் திரும்ப, மெதுவாக வாசித்தபடி அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். அக்கா குடித்தார், மூச்சு வாங்கினார், முந்தானையால் கண்ணைத் துடைத்தார். பிறகு பழையதைவிட மெதுவாகத்தான் பாட முடிந்தது. அண்ணனும் அந்த வேகத்துக்கே இறங்கி, கடைசி வரி வரை கூடவே வந்தார்.

கீழே இறங்கியதும் என்னிடம் வந்தார். முகம் செத்துப்போயிருந்தது.

"பேஜாரா பூட்ச்சி சார். தாளம் தப்பிடுச்சி."

பின்னால் வந்த அக்காவுக்கு அது கேட்டுவிட்டது.

"தப்பினா தப்பிட்டுப் போவுது. எனக்கோசரம் நின்னீங்க இல்ல, அது போதும்."

எங்கேயும் ஓடாமல் அண்ணன் அக்காவைப் பார்த்தபடி அப்படியே நின்றார். அந்த மனிதரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.