குஜரி அண்ணனின் தராசு

ஸ்ரீராம்புரத்தில் ஒருத்தர் உடம்பும் உருப்படியாக இல்லை என்று தீர்ப்புச் சொன்ன ஒரே மனிதர் குஜரி அண்ணன். பழைய பேப்பரும் இரும்பும் வாங்கும் கடையை பெங்களூரில் குஜரி என்பார்கள். கடையின் பெயரே அவர் பெயராகிவிட்டது.

ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டு, ஊர் ஊராகச் சுற்றி, அவர் கடையில் பாட்டில் பிரிக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். அட்டைப்பெட்டிகளின் மேல் படுக்கை. அதில் எனக்குக் குறையில்லை. குறையெல்லாம் தராசில்தான். வந்த அன்றே என்னை மேடைத் தராசில் ஏற்றி, கம்பியில் குண்டை நகர்த்திப் பார்த்தார்.

“இன்னாடா இது? பழைய கிரைண்டரே உன்னைவிட கனம் ஜாஸ்தி.”

நான் மூட்டை தூக்கி முறுக்கேறிய ஆள். யாரிடம் போய்ச் சொல்வது? அன்று முதல் காலையில் இரண்டு அவித்த முட்டையை என் முன் வைத்து, தின்று முடிக்கும்வரை முறைத்துக்கொண்டு நிற்பார்.

பேப்பர் போட வந்தவர்களையும் விடவில்லை. கல்யாணம் நிச்சயமான ஒரு பெண்ணை ஏற்றி, “காத்தடிச்சா மாப்பிள்ளை உன்னைத் தேடணும்மா” என்றார். அவள் அப்பா பேப்பர் கட்டோடு திரும்பிப் போனார்.

அந்தத் தராசு குறைத்துக் காட்டும் என்பது தெருவுக்கே தெரியும். குண்டுக்குள் ஈயம் ஊற்றி வைத்திருந்தார். வாங்கும் சரக்குக்காகச் செய்த ஏற்பாடு. மனிதர்களை நிறுக்கும்போது அது அவர் நினைவிலேயே இருக்காது. அதுதான் என் ஆத்திரம். தெரிந்து செய்தால் திட்டலாம். இவரோ உண்மையாகவே கவலைப்பட்டார்.

அந்தத் தராசில் தேறியவர் ஒருவர்தான், அவரே. கதவளவு உடம்பு. ஒருநாள் கடைப்படி ஏறும்போது மூச்சுவாங்கி அங்கேயே உட்கார்ந்துவிட்டார். தெரு பெருக்கும் சரோஜாக்கா ஆட்டோவில் ஏற்றி டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டர் எடை, உயரம், இடுப்புச் சுற்றளவு எல்லாம் பார்த்துவிட்டு, இந்தத் தொப்பையோடு இதயம் ரொம்ப நாள் ஓடாது என்றார்.

அண்ணன் கொதித்துப்போய்த் திரும்பினார். “அந்தாளு மிஷினு சும்மனே பொய் சொல்லுது. நம்பள்து காட்டும் பாரு.” தெரு கூடிவிட்டது. தராசில் ஏறினார். “பாத்தியா? கரெக்டு.”

சரோஜாக்கா துடைப்பத்தை ஊன்றி நின்றார். “சரிண்ணா. உன் தராசு நெஜம்னா டாக்டர் பொய். டாக்டர் நெஜம்னா, இத்தனை நாள் நாங்க போட்ட பேப்பர்ல பாதி எங்கண்ணா போச்சு?”

அண்ணன் தராசிலேயே நின்றார். நெற்றியில் வியர்த்தது. அக்காவின் குரல் தணிந்தது. “பேப்பர் போனா போவுது. நீ இருண்ணா.”

குண்டைக் கழற்றி என்னிடம் நீட்டினார். “ஈயத்த நோண்டி எடுடா.”

எடுத்தேன். மறுபடி நிறுத்துப் பார்த்தார். வந்த எடையை உரக்கப் படிக்கவில்லை. அடுத்து என்னை ஏற்றினார். என் உயரத்துக்குச் சரியான எடை. அண்ணனுக்கு வந்ததே கோபம்.

“அப்ப இத்தினி நாளா என்னை ஏமாத்தி முட்டை துன்னுகினு கீற?”

ஏமாற்றியது நானாம். ஈயம் ஊற்றியவர் கேட்கிறார். விடிந்ததும் மூட்டை கட்டிவிடுவது என்று படுத்தேன். மறுநாள் காலையில் அவர் தட்டில் வெள்ளரிக்காய், என் தட்டில் அதே இரண்டு முட்டை. அதே முறைப்பு.

அந்த ஊரை விட்டு வந்தாயிற்று. போகிற இடங்களில் தராசைக் கண்டால் ஏறிப் பார்க்கிறேன். எடை குறைந்துதான் இருக்கிறது. திட்டத்தான் ஆளில்லை.