நெஞ்சொலியாரும் ஏழு மாடியும்

"நிக்காதேடி! நின்னா பொய் புகுந்துடும்!"

ஐந்தாம் மாடித் திருப்பத்தில் கத்திக்கொண்டே ஓடினாள் அக்கா. கையில் பெட்டி. பின்னால் தங்கை, ஒட்டிய கவர் ஒன்றைப் பிடித்தபடி. தங்கைக்கு மூச்சு வாங்கவில்லை. பள்ளியில் விளையாட்டு டீச்சர். பிள்ளைகளை ஓடவிட்டுத் தானும் ஓடுகிறவள்.

"பெட்டியையாவது என்கிட்ட குடுக்கா."

"தொடாதே! சுமையோட ஏறினாத்தான் உள்ள இருக்கிறது வெளிய வருமாம்."

அக்காவுக்கு இப்போதைக்கு வெளியே வந்திருந்தது நாக்குதான்.

போன வாரம் நெஞ்சொலியார் முன்னால் கணவரின் படத்தைக் காட்டியபோது அக்காவின் இதயம் தாறுமாறாக அடித்தது. 'பகை' என்று தீர்ப்பானது. இன்று மறுபரிசோதனை. இன்றும் அப்படியே அடித்தால் அக்கா வீடு திரும்பப் போவதில்லை. பெட்டியோடு நேரே தங்கையின் ஒற்றை அறைக்குத்தான். அந்தப் பாவப்பட்ட மனிதரின் குடித்தனம் ஏழாம் மாடியில் தொங்கிக்கொண்டிருந்தது.

நெஞ்சொலியாரைத் தெரியாதவர் ஊரில் யார்? கட்டட வாசலில் விடிந்தும் விடியாமலும் வரிசை. லிஃப்ட் கதவில் 'பழுது' என்று ஒரு பலகை. எப்போது சரியாகும் என்று ஒருவரும் கேட்டதில்லை. உண்மையைத் தேடி வருகிறவர்களுக்கு லிஃப்ட் எதற்கு? நிற்காமல் ஏற வேண்டும், அவ்வளவுதான்.

மேலே அறையில் ஒரே ஒரு நாற்காலி. அதில் அவர். வந்தவர் வந்த வேகத்தில் விரலில் ஒரு கிளிப் மாட்டப்படும். கிளிப்பிலிருந்து ஸ்பீக்கருக்குக் கம்பி. டொக்டொக்டொக் என்று இதயம் அறை முழுக்க முழங்கும். அப்போது படத்தைக் காட்ட வேண்டும்.

கல்யாணம் நிச்சயமான பெண் மாப்பிள்ளையின் படத்தைக் காட்டினாள். டொக்டொக்டொக். "காதல்!" என்றார். பெண் சிவந்து போனாள். கடைக்காரர் தன் பார்ட்னரின் படத்தைக் காட்டினார். டொக்டொக்டொக். "துரோகம்!" என்றார். கடைக்காரர் வெளுத்துப் போனார். அடித்த அடி ஒன்றுதான். பெயர்தான் வேறு. அந்தப் பெயர் சூட்டு விழாவுக்குத்தான் கட்டணம்!

அக்கா ஏறி முடித்ததும் நேரே அவள் முறை. வியர்வையில் குளித்திருந்தாள். கிளிப் ஏறியது. ஸ்பீக்கர் கிழிந்துவிடும் போலிருந்தது.

"எங்கேம்மா படம்?"

தங்கை கவரை நீட்டினாள். "உள்ளேயே இருக்கட்டும் ஐயா. இதயத்துக்குக் கண்ணே வேணாம்னு சொல்வீங்களாமே?"

புகழ்ச்சிக்கு மயங்காத ஞானி உண்டா? அவர் கவரின் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடினார்.

"பகை! இந்த மூஞ்சிக்காரன் சிரிச்சுக்கிட்டே கழுத்தறுப்பான். இனி ஒரு நாள்கூட இவனை நம்பாதே!"

அக்காவின் கண் நிறைந்தது. தீர்ப்பு வாங்கியும் போகாமல் வேடிக்கை பார்த்து நின்ற கூட்டம் உச்சுக் கொட்டியது.

"ரொம்பச் சரியா சொன்னீங்க" என்றாள் தங்கை. "இப்ப அக்கா கொஞ்சம் உக்காரட்டும். அப்புறம் மாமா படத்தை இன்னொரு தடவை பாத்துடலாம்."

"கூடாது! உக்காந்தா உண்மை தூங்கிடும்!"

"தூங்கினா தட்டி எழுப்பிக்கலாமே ஐயா" என்றார் அடுத்ததாக ஏறி வந்த பருத்த மனிதர். "எனக்கும் கால் கழண்டு போகுது."

கூட்டம் சிரித்தது. அதற்குள் அக்காவின் முழங்கால்களே முடிவெடுத்துவிட்டன. பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். தங்கை தண்ணீர் கொடுத்தாள்.

"மூச்சை மெதுவா விடுக்கா. மாமா குழாயைச் சரி பண்றேன்னு வீட்டையே குளமாக்கினாரே, ஞாபகம் இருக்கா?"

"அதை ஏன் கேக்கற? பக்கத்து வீட்டுக்காரி செருப்பு மிதந்து போச்சு" என்று அக்கா சிரித்துவிட்டாள்.

டொக்டொக் தளர்ந்தது. டொக்... டொக்... என்று நிதானமானது. தங்கை போனில் மாமாவின் படத்தைக் காட்டினாள். இதயம் அசைந்து கொடுக்கவில்லை. டொக்... டொக்...

நெஞ்சொலியார் துள்ளி எழுந்தார். "பாத்தீங்களா? மெதுவா அடிக்குது! அன்பு செத்துப்போச்சு!"

"வேகமா அடிச்சா பகை. மெதுவா அடிச்சா அன்பு செத்துப்போச்சு. எங்க மாமா பொழைக்க வழியே இல்லையா ஐயா?"

இந்தத் தடவை கூட்டம் சிரித்த சிரிப்பில் ஸ்பீக்கர் தோற்றது. தங்கை அவர்கள் பக்கம் திரும்பினாள்.

"மாடி ஏறினா நெஞ்சு அடிக்கும்ங்க. எதுக்கு அடிக்குதுன்னு மனசு ஒரு காரணத்தைத் தேடும். அந்த நேரம் பாத்து காதல்னு சொன்னா காதலாத் தெரியும், பகைன்னு சொன்னா பகையாத் தெரியும். உங்க நெஞ்சு அடிக்கிறதுக்கு ஊரான் எதுக்குங்க பேர் வைக்கணும்?"

பின்வரிசையிலிருந்து ஓர் அம்மாள் பயபக்தியோடு கேட்டாள்: "நீங்க எந்தெந்தக் கிழமையில பாப்பீங்க டீச்சரம்மா?"

தங்கை தலையில் அடித்துக்கொண்டாள். "நான் பாக்க மாட்டேன்மா. நீங்கதான் பாக்கணும். உங்க வீட்டுல, உக்காந்து, மூளை முழிச்சிருக்கிற எல்லாக் கிழமையிலயும்!"

அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. "ஏய், மாமா படம் உன் போன்லதானே இருந்துச்சு? அப்ப கவர்ல யாருடி?"

"நானே எடுத்த படம்தான். ஐயாவே பிரிக்கட்டும்."

ஐயா பிரிக்கவில்லை. பருத்த மனிதர் பிரித்தார். பார்த்தார். படத்தைக் கூட்டத்தின் பக்கம் திருப்பிக் காட்டினார்.

விடிவதற்கு முன், வாசலில் வரிசை சேராத நேரம். கீழ்த் தளம். லிஃப்ட் கதவு விரியத் திறந்திருக்கிறது. உள்ளே ஏறப்போகிற நெஞ்சொலியார், ஒரு சொட்டு வியர்வையில்லாமல், வாய் நிறையச் சிரிப்போடு. ஒரு கையில் சாப்பாட்டுப் பை. இன்னொரு கையில், கதவில் மாட்டுவதற்குத் தயாராக, 'பழுது' பலகை.